இரண்டு மாதத்திற்கு என்று வந்த ஊர்

அன்புள்ள சயாமா (டீச்சர்),

வணக்கம். எனக்கு வயது 29. பர்மாவில், மோல்மீனில், ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். இங்கே மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் இல்லை.

இந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதே அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு இதைவிட நல்ல ஊர் உலகத்தில் கிடையாது. மாலையில் ஆற்றங்கரைச் சாலைக்கு என்னைக் கூட்டிப்போவார். வெள்ளைக்காரன் காலத்தில் 1827 முதல் நம் ஊர்தான் தலைநகரம், ரங்கூனெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பார். தன்லுவின் ஆற்றில் தேக்கு மிதந்து வந்ததையும், இங்கே கப்பல் கட்டியதையும், மரம் அறுக்கும் ஆலைகளில் நம் ஆட்கள் வேலை பார்த்ததையும் தாத்தா சொல்லக் கேட்டு எனக்குச் சொன்னார். நான் வளர்ந்த மோல்மீன் வேறு. கூரையில் செடி முளைத்த பழைய வீடுகள், பூட்டிக் கிடக்கும் கடைகள், பிற்பகல் மூன்று மணிக்கே அடங்கிவிடும் தெருக்கள். 2005-இல் ஆற்றின் குறுக்கே பாலம் திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்பெல்லாம் ரங்கூன் ரயில் அக்கரையில் மொட்டமாவோடு நின்றுவிடும், அங்கிருந்து படகு. பாலம் வந்துவிட்டது, இனி ஊர் எழுந்துவிடும் என்று அப்பா தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாலத்தில் வந்தவர்களைவிடப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நானும் போனேன். ரங்கூனில் எல்சிசிஐ கணக்கியல் தேர்வில் மூன்றாம் நிலை முடித்து ஒரு தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் நன்றாகத்தான் போயின. 2021 பிப்ரவரியில் ஆட்சியை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜூலையில் கொரோனா மறுபடி வந்து, ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றதே, அந்த மாதத்தில் அப்பா போய்விட்டார். தம்பி இரவெல்லாம் வரிசையில் நின்று சிலிண்டரோடு வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு மாதம் அம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரே ஒரு பையோடு வந்தேன். நான்கு ஆண்டுகளாகிவிட்டன. அந்தப் பை இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. தம்பிக்கு அப்போது 23. பத்து நாளில் தாய்லாந்துக்குக் கிளம்பிவிட்டான். இப்போது மஹாச்சையில் இறால் உரிக்கும் தொழிற்சாலையில் வேலை. போகும்போது, "அம்மாவைப் பார்த்துக்கொள் அக்கா" என்றான். நான் தலையாட்டினேன்.

வேலையைப் பற்றி என்ன எழுத? கரண்ட் வரும் நேரம் பார்த்துக் கணினியைத் திறக்கிறேன். நான்கு ஆண்டுகளில் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ரங்கூனில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் சிங்கப்பூரில் ஏசிசிஏ என்ற கணக்காளர் தேர்வின் கடைசித் தாள்களை எழுதுகிறாள். அவள் படம் அனுப்பினால் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுத முடிகிறது. இங்கே இருந்த கடைசித் தோழியும் போன திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) முடிந்ததும் போய்விட்டாள். கோயிலில் பார்க்கும் அத்தைமார்கள் "இன்னும் இங்கேதான் இருக்கிறாயா?" என்கிறார்கள். அதே வாயால், "அமைதியான ஊர், அம்மா பக்கத்தில், உனக்கென்ன குறை?" என்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி எரிகிறது. மாப்பிள்ளைப் பேச்சு வேறு. நம் பையன்கள் எல்லோரும் பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள்.

அம்மா வீட்டு வாசலில் தோசை சுடுகிறார். மொன்காரர்கள், பர்மாக்காரர்கள் எல்லோரும் வாங்குவார்கள். மூன்று படி அரிசி ஊறப்போட்டவர் இப்போது ஒரு படியோடு நிறுத்திக்கொண்டார். சென்ற மாதம் நான் வேலையிலிருந்து வந்தபோது, பாட்டியின் பித்தளை அண்டாவைக் காணவில்லை. கோயிலுக்குக் கொடுத்துவிட்டாராம். "இனி எதற்கு அவ்வளவு பெரிய பாத்திரம்?" என்றார். இந்த ஊரைப் போலவே நீயும் ஆகிவிட்டாய் என்று கத்திவிட்டேன். அம்மா பதிலே பேசவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு 40 பேர் வந்த வகுப்பு. இப்போது 11 பேர். போன வாரம் ஒரு சின்னப் பையன் "ழ" சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கோபம் வருவதில்லை.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வேலை விளம்பரம் அனுப்பினார். தாய்லாந்து எல்லையில் மியாவடிப் பக்கம் ஓர் அலுவலகம், கணக்கு வேலை, சம்பளம் தாய்லாந்துப் பணத்தில், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்களாம், பாஸ்போர்ட் தேவையில்லையாம். போகட்டுமா, இருக்கட்டுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சயாமா.

மோல்மீனிலிருந்து ஒரு வாசகி

---

அன்புள்ள மகளே,

மற்றதெல்லாம் பிறகு. அந்த விளம்பரத்துக்குப் பதில் எழுதாதே. எழுதியிருந்தால் இத்தோடு நிறுத்திவிடு. ஷ்வே கொக்கோ, கேகே பார்க் என்று மியாவடியைச் சுற்றியுள்ள வளாகங்களுக்கு ஆட்களை இழுக்கும் விளம்பரங்கள் இப்படித்தான் இருக்கும்: அலுவலக வேலை, நல்ல சம்பளம், எல்லாம் இலவசம். உள்ளே போனதும் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் உட்காரவைக்கிறார்கள். மறுத்தவர்களை அடித்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் படித்தவர்கள் நிறைய, கணினி தெரிந்தவர்கள் நிறைய. உன்னைப் போன்ற பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். அனுப்பியவர் நல்லவராகவே இருக்கலாம், அவரையும் யாரோ நம்பவைத்திருப்பார்கள். எங்கு போவதானாலும், அங்கே வேலை பார்க்கும், நீ நேரில் அறிந்த ஒருவர் சொல்லாமல் போகாதே.

இனி உன் கேள்வி. ஒரே வார்த்தையில் கேட்டாய். அந்த வார்த்தையை நான் சொன்னால், உன் வாழ்க்கையை உன்னைக் கேட்காமல் முடிவு செய்தவர்களின் வரிசையில் நானும் போய் நின்றுவிடுவேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குப் பட்டது இதுதான். தம்பி போவது முடிவாயிற்று. அம்மாவுக்குத் துணை வேண்டும் என்பதும் முடிவாயிற்று. அது நீதான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நீயும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. தலையாட்டினாய். இருக்கிறாயே தவிர, இருப்பது என்று நீ ஒருநாளும் முடிவு செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பை அதைத்தான் சொல்கிறது.

என் குடும்பக் கதையைச் சொல்கிறேன், உனக்கு ஏதாவது பயன்படக்கூடும். நான் பெகுவில் பிறந்தவள். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. என் பெரியதாத்தா குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பல் ஏறினார். என் தாத்தா இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் இதை இரண்டு அண்ணன் தம்பிகளின் கதையாகவே சொல்லுவார்கள்: ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். அப்போது 19 வயதான அத்தை ஒருவர் இருந்தார். அவர் கதையில் வரவே மாட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் பெகுவைத் திட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் சரியில்லை, மழை சரியில்லை, காய்கறியில் ருசியில்லை. சிடுசிடுத்த குணம் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டோம். கடிதங்களுக்குப் பதில் எழுதும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டேன்: "அத்தை, அப்போது நீங்கள் கப்பலில் போகத்தான் ஆசைப்பட்டீர்களா?" வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரியாதே. யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்" என்றார். அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது.

மோல்மீனைப் பற்றி நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லை, வேலையில் வளர்ச்சி இல்லை, பேச ஒரு தோழி இல்லை. இவை உன் மனம் கட்டிய குறைகள் அல்ல. "மனதை மாற்றிக்கொள், எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் அத்தைமார்களின் இரண்டு கேள்விகளும் ஒரே மாதிரி எரிகின்றன என்றாயே, அதைக் கவனித்தேன். ஒன்று போகச் சொல்கிறது, மற்றது இருக்கச் சொல்கிறது. ஊர் மட்டும்தான் காரணமென்றால் இரண்டாவதுதான் எரிய வேண்டும். இரண்டும் எரிகிறதென்றால், ஊருக்கு அப்பால் வேறொன்று இருக்கிறது.

அந்த வேறொன்றில் துக்கமும் சேர்ந்திருக்கிறது. அப்பாவுக்காக நீ எப்போது அழுதாய்? கடிதத்தில் எங்கும் இல்லை. இறந்தவர்களுக்குக் காரியம் செய்கிறோம், ஊர் கூடுகிறது. அந்த ஜூலையில் அதுகூட முறையாக நடந்திருக்காது. உயிரோடு இருந்தும் கைக்கு எட்டாமல் போன தம்பிக்கும் தோழிக்கும் ஒரு சடங்கும் கிடையாது. பாலீன் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி, இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் "தெளிவில்லாத இழப்பு" எனலாம். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தீராத இழப்பில், துக்கம் முடிவதற்கு வழி தெரியாமல் அப்படியே உறைந்து நிற்கும் என்றார். தன் பழைய பெருமையோடு இருந்தும் இல்லாமலும் இருக்கும் ஓர் ஊருக்கும் இது பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். அப்பா காட்டிய மோல்மீன் அப்பாவோடு போய்விட்டது. அவர் கண்ணால் இனி அதைப் பார்க்க ஆளில்லை. அந்தத் துக்கம் உனக்குக் கோபமாக வருகிறது.

அம்மாவுக்கு வருகிறேன். உன் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அந்த அண்டா. மாவைக் குறைத்துவிட்டார், பாட்டியின் அண்டாவைக் கொடுத்துவிட்டார், "இனி எதற்கு" என்றார். நீ இதை ஊரைப் போன்ற சோர்வு என்று எடுத்துக்கொண்டாய். சோர்வாகவும் இருக்கலாம், அப்படியானால் அவருக்கும் கவனிப்பு வேண்டும். ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வீட்டைக் காலி செய்பவர்கள் முதலில் கொடுப்பது பெரிய பாத்திரங்களைத்தான். உன்னைப் பிடித்து வைத்திருப்பது தான்தான் என்று நினைத்து, தன் சுமையை அவராகவே குறைத்துக்கொண்டு வருகிறாரோ? இது என் ஊகம்தான். எது உண்மை என்று அம்மாவுக்குத்தான் தெரியும். நீ நான்கு ஆண்டுகளாக அவருக்காக இருக்கிறாய். இருக்க வேண்டுமா என்று அவரைக் கேட்டிருக்கிறாயா? உன்னை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. நீயும் அவரைக் கேட்கவில்லை, மகளே.

ஆகவே முதலில் அவரிடம் போய் உட்கார். கத்தியதற்கு மன்னிப்புக் கேள், நீண்ட விளக்கம் வேண்டாம். பிறகு கேள்: "அண்டாவைக் கொடுத்தபோது மனதில் என்ன நினைத்தாய் அம்மா?" அவர் பதில் சொல்லும் வரை பொறு. உடனே "நான் உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்று சொல்லிவிடாதே. அந்த வாக்கியம் பேச்சை அடைத்துவிடும். அடுத்த முறை தம்பி பேசும்போது மூவரும் சேர்ந்து பேசுங்கள். அம்மா தனியாக இருந்தால் அக்கம்பக்கத்தில் யார் வந்து பார்ப்பார்கள், மாதம் எவ்வளவு செலவாகும், தம்பி எவ்வளவு அனுப்ப முடியும், அம்மா ரங்கூனுக்கு வர விரும்புவாரா, இவற்றையெல்லாம் எண்களோடு பேசு. உன் தொழில் அதுதானே. போவதென்றாலும் எங்கே, எந்த வேலைக்கு, எத்தனை மாதத்திற்கு என்று எழுதிப் பார். இருப்பதென்றாலும் எந்தத் தேதி வரை இருக்கிறேன், அன்று மறுபடி எதை யோசிப்பேன் என்று எழுதி வை. முடிவு எதுவானாலும் பையை இப்போதே வெளியே எடுத்துத் துணியை அலமாரியில் வை. கிளம்பும் நாள் வந்தால் மறுபடி அடுக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பதினொரு பிள்ளைகளுக்காக இங்கேயே இரு என்று நான் சொல்லமாட்டேன். யாராவது சொல்லக்கூடும், அதற்காகவே முந்திக்கொள்கிறேன். இந்த நாட்டில் தமிழ் நிலைப்பது எனக்கும் பெரிய விஷயம்தான். அதை 29 வயதுப் பெண் ஒருத்தியின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது நியாயமில்லை. அந்த ஒரு மணி நேரம் உனக்கு நிம்மதி தருகிறது. அவ்வளவு போதும், அதற்காகப் போ. வகுப்பில் மூத்த பிள்ளை யாராவது சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரப் பழகட்டும். நீ இருந்தாலும் போனாலும் அது உதவும்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். தூக்கமின்மையோடு, நாள் முழுவதும் எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தால், என் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்காதே. நம்பும் ஒரு மருத்துவரிடம் போய் இதைச் சொல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. சிங்கப்பூர்த் தோழிக்கும் இன்றே எழுது, இரண்டு நாள் கழித்து வேண்டாம். ஏசிசிஏ பற்றி அவளைவிட உனக்குத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யார்? பொறாமையாக இருக்கிறது என்றே எழுது. நல்ல தோழி என்றால் தாங்கிக்கொள்வாள்.

அம்மாவோடு பேசிய பிறகு எனக்கு எழுது. அண்டாவைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
உன் சயாமா