அசலூரில் அடித்த இரண்டு கோல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கால்பந்து அணியில் பேக் (பின்களத் தடுப்பாட்டம்) ஆடுகிறாள். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதை வீட்டில் எல்லோருமாகக் கொண்டாடினோம். மறுநாள் தறிக்குடோனில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பங்காளி ஒருவர், “மங்கோலியாவுக்குப் பதிமூணு கோல் போட்டவங்க தாய்லாந்துகிட்ட ஒத்தக் கோல்ல தப்பிச்சு வந்திருக்காங்க. இதுல பெருமைப்பட என்னங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்வதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாமா? அடுத்த மாதம் அவளுடைய அணி குறுவட்டப் போட்டிக்காக வெளியூர் போகிறது. அதற்குள் நீங்கள் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

சோமனூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பங்காளி சொன்னதில் ஒரு பகுதி சரிதான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்பந்தில் கோல் என்பது அரிதாக விழுவது, அரிதாக விழும் எதிலும் தற்செயலுக்கு ஒரு பங்கு இருக்கும். கம்பத்தில் பட்ட பந்து உள்ளே திரும்புகிறதா வெளியே தெறிக்கிறதா என்பது உதைத்தவர் கையில் இல்லை. ஆனால் அவர் பதிமூன்றைப் பெரிதாகவும் இரண்டுக்கு ஒன்றைச் சிறிதாகவும் வைத்துக் கணக்குப் பார்த்தாரே, அங்கேதான் அவரோடு எனக்குப் பிணக்கு. மங்கோலியாவுக்கு எதிரான அந்தப் பதிமூன்று கோல்களிலிருந்து நம் அணியைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியது மிகக் குறைவு. எதிரில் நிற்பவர் தடுக்க முடியாமல் திணறும்போது நம்முடைய குறைகளும் வெளியே தெரியாது.

தகுதிச் சுற்றில் நம் அணி ஆடிய பிரிவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து அணிகள், முதலிடம் பெறும் ஒரே அணிக்குத்தான் ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பையில் இடம். நம்மவர்கள் மங்கோலியாவை 13-0, தைமூர் லெஸ்டேயை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்றிருந்தார்கள். தாய்லாந்தும் அதே மூன்று அணிகளை வென்று, கடைசி ஆட்டத்துக்கு வரும்போது இரண்டு அணிகளுக்கும் ஒன்பது புள்ளிகள், கோல் வித்தியாசமும் இருபத்திரண்டு என்று தராசு அசையாமல் நின்றது. அதாவது, பங்காளி மெச்சுகிற அந்தப் பதிமூன்று கோல்கள் இறுதியில் நமக்கு ஓர் அங்குலம்கூட முன்னிலை தரவில்லை. ஜூன் 23 இல் தொடங்கிப் பதின்மூன்று நாள்களில் நான்காவது ஆட்டம். அதற்கு முந்தைய ஆட்டம் முடிந்து இடையில் இரண்டே நாள் ஓய்வு. அப்போது உலகத் தரவரிசையில் தாய்லாந்து 46, நாம் 70. 2015, 2019 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு அது. நம் பெண்கள் முதுநிலை உலகக் கோப்பையை இன்னும் எட்டியதில்லை.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். 29 ஆம் நிமிடத்தில் சங்கீதா பாஸ்போர் பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து உதைத்து முதல் கோலைப் போட்டார். இடைவேளை முடிந்து 47 ஆம் நிமிடத்தில் தாய்லாந்து சமன் செய்துவிட்டது. 74 ஆம் நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா, இம்முறை கார்னரைத் தொடர்ந்து வந்த பந்தைத் தலையால் முட்டினார். மேற்கு வங்கத்தின் கல்யாணியிலிருந்து வந்த அவர் முன்கள வீராங்கனை அல்ல, நடுக்களத்தில் ஆடுபவர் என்பதைக் கவனியுங்கள். முன்னால் ஓடுகிறவர்கள் எதிரணி பேக்குகளைத் தங்களோடு உள்ளே இழுத்துக்கொண்டு போகும்போது பாக்ஸின் விளிம்பில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பின்னாலிருந்து வருகிறவர் அதை நேரத்தோடு கண்டு அங்கே வந்து நின்றால்தான் தொலைவிலிருந்து அப்படி உதைக்க முடியும். இரண்டு கோல்களையும் ஒரே நடுக்கள ஆட்டக்காரர் போட்டதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு அந்த ஆட்டத்தின் முக்கியமான பகுதி 47 க்கும் 74 க்கும் இடைப்பட்ட இருபத்தேழு நிமிடம். இடைவேளையில் ‘முன்னிலையில் இருக்கிறோம்’ என்று பேசித் திடப்படுத்திக்கொண்டு வந்தவர்கள், தண்ணீர் குடித்த ஈரம் உதட்டில் காயும் முன்பே கோல் வாங்கிவிட்டார்கள். தன் ஊரில் தன் கூட்டத்தின் முன் சமன் செய்த அணி அடுத்த கோலுக்குப் பாயும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. அப்போது உடையாமல் நின்று, பின்னுக்கு ஒடுங்கியும் விடாமல், முன்னேறிப் போய் ஒரு கார்னரைப் பெற்று அதைக் கோலாக்கியது ஒரு வேலை. அதன் பிறகு மிச்சமிருந்த கால்மணி நேரத்துக்கு மேல் அந்த ஒற்றைக் கோலைக் காத்தது இன்னொரு வேலை. 13-0 ஆட்டத்தில் இந்த இரண்டு வேலைகளுக்கும் இடமே இல்லை.

உள்ளூர்க் கூட்டம் என்ன செய்யும் என்பதை நான் நம் கோயம்புத்தூரிலேயே பார்த்திருக்கிறேன். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில், அதையே சொந்த மைதானமாக வைத்திருந்த சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை வென்றால் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் பட்டம். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரியில் என் பக்கத்தில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர், வாயருகே கொண்டுபோன கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த அமைதி நெடுநேரம் நீடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒவ்வொரு பந்துக்கும் கேலரி எழுந்து எழுந்து உட்கார்ந்தது. பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1 என்று பட்டம் வந்தது. பின்தங்கிய உள்ளூர் அணிக்குக் கூட்டம் தோள் கொடுக்கும் என்பதை அன்று கண்டேன். சியாங் மாயில் கோல் வாங்கியபோது நம் பெண்களுக்கு அந்தத் தோள் இல்லை. கொரோனாக் காலத்தில் ஜெர்மனியின் புண்டஸ்லிகா ஆட்டங்கள் ஆளில்லாத அரங்குகளில் நடந்தபோது உள்ளூர் அணிகளின் வெற்றி குறைந்ததும் இதைத்தான் காட்டுகிறது. (நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான்கு ஆட்டங்களும் அதே நகரில் நடந்ததால், ஜூலை 5 க்குள் நம்மவர்களுக்கு அந்த ஊர்ப் புழுக்கமும் புல்லும் ஓரளவு பழகியிருக்கும்.)

வரலாற்றையும் உங்கள் பங்காளியிடம் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் கோழிக்கோட்டில் 1980 இல் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1983 இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதிக்குப் போய், இதே தாய்லாந்திடம், இதே போல அவர்கள் மண்ணில், 0-3 என்று தோற்றார்கள். 2003 க்குப் பிறகு நம் நாட்டிலேயே நடந்த 2022 போட்டியில்தான் மீண்டும் ஆடினார்கள். அதுவும் ஈரானுடன் 0-0 என்ற ஒரே ஆட்டத்தோடு நின்றது. கொரோனாத் தொற்றால் அடுத்த ஆட்டத்துக்குப் பதின்மூன்று பேரைத் திரட்ட முடியாமல் விலக வேண்டி வந்தது. ஆடித் தோற்றிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அன்று போட்டியை நடத்தும் நாடு என்பதால் இடம் தானாகக் கிடைத்திருந்தது. தகுதிச் சுற்றில் ஆடி, வென்று, ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இதுவே முதல் தடவை.

இன்னும் கேட்டால் நம் மாநிலக் கணக்கையும் எடுத்து வையுங்கள். தேசிய முதுநிலை மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றது 2018 இல் மணிப்பூரையும், 2023 இல் ஹரியானாவையும் வீழ்த்தி. இரண்டு இறுதி ஆட்டங்களுமே 2-1 தான். பெண்கள் கால்பந்தில் கோலோச்சி வந்த மணிப்பூரை ஒரு கோலில் வெல்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது, இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கவனித்தவர்களுக்கே தெரியும்.

உங்கள் மகளின் குறுவட்டப் போட்டிக்கு வருகிறேன். அசலூர் மைதானத்தின் கஷ்டம் கூட்டத்தில் மட்டும் இல்லை, மண்ணிலும் இருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் பலவும் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால் புல் தேய்ந்து செம்மண் குழியாகிக் கிடக்கும். கார்னர் பக்கம் சரளை துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே தினமும் ஆடுகிற பிள்ளைகளுக்குப் பந்து எந்த இடத்தில் எழும்பும், எங்கே செத்து விழும் என்பது கால்களுக்கே தெரியும். அசலூரிலிருந்து வரும் பேக் அதை முதல் தடவை அறிந்துகொள்வது, பந்து தன் காலைத் தாண்டிப் போன பிறகுதான். ஆகவே பி.இ.டி. மாஸ்டரிடம் சொல்லி ஒரு மணி நேரம் முன்னதாகவே போகச் செய்யுங்கள். உங்கள் மகள் தன் பாதி முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கோலுக்கு முன்னால் உள்ள குழியில் பந்தை நாலைந்து தடவை தரையோடு உருட்டிப் பார்க்கட்டும். முதல் கோலை நாம் வாங்க நேர்ந்தால், பந்தை வலையிலிருந்து எடுத்து நடுக்கோட்டில் கொண்டுபோய் வைப்பது யார் என்பதையும் பிள்ளைகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும்.

எந்த ஊரில் ஆட்டம் என்பதை நீங்கள் எழுதவில்லை. அவிநாசி, பல்லடம் பக்கமாக இருந்தால் தெரிவியுங்கள், நானும் வந்து ஓரமாக நின்று பார்க்கிறேன். பங்காளியையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்.