மீன் ஏலம் கூவுபவரின் குரல் நாண் பாதிப்பை போன் பதிவிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பாம்பனில் ஏலம் கூவும் உங்கள் அண்ணனுக்கு மதியத்துக்குள் குரல் கம்மிவிடுகிறது, போன் பதிவில் பாதிப்பு தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்து கூடுவது தெரியும். நோய் இன்னதென்று தெரியாது.

சாதாரணப் பேச்சில் ஆண்களின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 150 முறை மோதிக்கொள்கின்றன. காற்றையும் படகு இன்ஜினையும் மீறிக் கத்தும்போது வேகமும் கூடும், மோதலின் வலுவும் கூடும். இதனால் வீங்கிய நாண்கள் சரியாக மூடாது. காற்று கசியும், அதிர்வு சீர்குலையும். அதிர்வு நேரத்தின் தடுமாற்றத்தை ஜிட்டர் என்றும், ஒலி வலுவின் தடுமாற்றத்தை ஷிம்மர் என்றும் அளக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு அதிர்வையும் தனியாகப் பிரித்தால்தான் இவற்றைக் கணக்கிட முடியும். அதனால் ரொம்பக் கரகரத்த குரலில் இவற்றை நம்பாதீர்கள். அங்கே, குரல் எவ்வளவு சீராக அதிர்கிறது என்பதை ஒட்டுமொத்தமாகக் காட்டும் செப்ஸ்ட்ரல் உச்ச அளவுதான் மேல். பொதுவாகக் குரல் கெடக் கெட அது இறங்கும்.

கரையில் பதிவு செய்ய வேண்டாம், பாம்பன் காற்று எல்லா அளவுகளையும் கெடுத்துவிடும். வீட்டில் ஃபேனை நிறுத்தி, அதே போன், அதே தூரத்தில், ஏலத்துக்கு முன்னும் பின்னும் ‘ஆ’ என்று ஐந்து நொடி இழுக்கச் சொல்லுங்கள். பிராட் (Praat) என்ற இலவச மென்பொருள் இந்த அளவுகளைக் கணக்கிட்டுத் தரும். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில், தொண்டை ஓய்ந்திருக்கும்போது எடுத்த அவருடைய பதிவுதான் சரியான அளவுகோல்.

எண்கள் நன்றாக இருந்தாலும், கரகரப்பு 4 வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமராவில் பார்த்தே ஆக வேண்டும். கத்தும்போதே குரல் சட்டென்று போய்விட்டால் நாணில் ரத்தக்கசிவு இருக்கலாம். பேச்சை நிறுத்தச் சொல்லி அன்றே கூட்டிப்போங்கள்.