டான்சில் எடுத்தாயிற்று, அப்புறம்?

பள்ளி விடுமுறையில் ஆபரேஷனை வைத்துக்கொள்பவர்கள் அதிகம். அதனால் மே, ஜூன் வந்தாலே எனக்கு வரும் கடிதங்களில் பாதி டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) பற்றித்தான். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தையின் வயது, எடை, ஆபரேஷன் ஆன தேதி, மூன்றையும் எழுதுங்கள். "பையனுக்கு ஆபரேஷன் ஆச்சு, இன்னும் வலிக்குது" என்று ஒற்றை வரியில் கேட்டால் நான் என்ன சொல்ல? மூன்றாம் நாள் வலிக்கத்தான் செய்யும். முப்பதாம் நாள் வலித்தால் அது வேறு கதை.

மகளுக்கு டான்சில் எடுத்து நான்கு நாள் ஆகிறது. வாயைத் திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சீழ் மாதிரி இருக்கிறது. வாய் நாற்றமும் தாங்கவில்லை. (திருப்பூர்)

சீழ் இல்லை. தோலில் காயம் பட்டால் பொருக்கு கட்டுகிறதே, அதுவேதான். ஈரமான இடம் என்பதால் வெள்ளையாக, மஞ்சளாகத் தெரிகிறது. நாற்றமும் அதிலிருந்துதான். பத்துப் பதினைந்து நாளில் இரண்டும் போய்விடும். பஞ்சு, விரல் எதையும் விட்டுத் துடைக்காதீர்கள். பல் மட்டும் மெதுவாகத் தேய்க்கட்டும். டார்ச் அடித்துத் தினம் மூன்று முறை பார்ப்பதையும் நிறுத்துங்கள், குழந்தைதான் பயப்படும்.

டாக்டர் ஐஸ்கிரீம் கொடுக்கச் சொன்னார். மாமியார் "சளி பிடிக்கும்" என்று ஒரு வாரமாக வெந்நீரும் கஞ்சியும்தான் தருகிறார். யார் சொல்வது சரி? (தஞ்சாவூர்)

டாக்டர் சொல்வதுதான். குளிர்ச்சி வலியைக் குறைக்கும், பிள்ளை விழுங்கும். ஆனால் ஐஸ்கிரீம் கட்டாயம் ஒன்றுமில்லை. பிடிக்காத குழந்தைக்கு இளநீர், புளிக்காத மோர், குழைந்த தயிர் சாதம் போதும். இரண்டாம் நாளிலேயே இட்லி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்க எதுவும் வேண்டாம். முறுக்கு, சிப்ஸ், பொரித்த அப்பளம் இரண்டு வாரத்துக்கு மூடி வையுங்கள். ரோஸ்மில்க், பீட்ரூட், மாதுளை ஜூஸ் மாதிரி சிவப்பானதையும் தவிருங்கள்; வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று தெரியாமல் நள்ளிரவில் ஓடி வருவீர்கள்.

சாப்பாடு நான்கு நாள் குறைந்தால் எடை கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறிவிடும். தண்ணீர் குறையக் கூடாது. 16 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் அளவுக்கு ஏதாவது ஒரு திரவம் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மகன் வயது 5, எடை 16 கிலோ, ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். வலி மருந்து அதிகம் கொடுத்தால் கிட்னி, லிவர் கெட்டுப்போகும் என்று அழும்போது மட்டும் கொடுக்கிறோம். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கிறான். (மதுரை)

எடை, வயது, நாள் எல்லாம் எழுதியதற்கு முதலில் நன்றி. இனி கொஞ்சம் திட்டப் போகிறேன்.

தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, நீங்கள் கொடுக்காத மருந்து. வலிக்கிறது, அதனால் விழுங்க மாட்டான். விழுங்காததால் தொண்டை காய்கிறது. காய்ந்த தொண்டை இன்னும் வலிக்கிறது. தண்ணீர் இல்லாத மூன்றாம் நாள் சோர்ந்து படுத்துவிடுவான், தூக்கிக்கொண்டு வந்து டிரிப் ஏற்றச் சொல்வீர்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன குழந்தை திரும்ப அட்மிட் ஆவதற்கு ரத்தக்கசிவுக்கு அடுத்தபடி இதுதான் முக்கியக் காரணம். பத்து ரூபாய் மருந்தில் தடுக்க வேண்டிய விஷயம்.

வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது வேறு, வலி வராமல் கொடுப்பது வேறு. முதல் ஒரு வாரமாவது கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், குழந்தையின் முகத்தைப் பார்த்து அல்ல. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 16 கிலோவுக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம். முதல் இரண்டு மூன்று ராத்திரி எழுப்பியே கொடுங்கள். தூங்குகிறானே என்று விட்டால் விடியற்காலையில் அழுதுகொண்டு எழுவான். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. இந்த அளவில் ஒரு வாரம் கொடுத்தால் ஆரோக்கியமான குழந்தைக்குக் கிட்னியும் கெடாது, லிவரும் கெடாது.

கெடுவது எப்போது? பாட்டிலைப் படிக்காமல் ஊற்றும்போது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100. மூன்றுக்கும் டப்பா ஏறக்குறைய ஒரே மாதிரி. "ஒரு மூடி கொடுத்தோம்" என்கிறார்கள், எந்த பாட்டிலின் மூடி என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்று, பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபன் என்ற இன்னொரு வலி மருந்தும் கலந்த சிரப் ஒரு பக்கம், தனிப் பாராசிட்டமால் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் கொடுத்து டபுள் டோஸ் ஆக்குகிறவர்களும் உண்டு. ஐபுபுரூஃபன் தரலாமா என்பதை ஆபரேஷன் செய்தவரிடம் கேளுங்கள்; பெரும்பாலும் தரலாம் என்றுதான் சொல்வார்.

தரவே கூடாதவை: ஆஸ்பிரின், 12 வயதுக்குக் கீழ் 2011லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து (இன்னும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கிறது, பார்த்து எறியுங்கள்), கோடீன் உள்ள இருமல் சிரப். டான்சில் எடுத்த குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013லேயே எச்சரித்தது. சில குழந்தைகளின் உடலில் அது மளமளவென்று மார்ஃபினாக மாறி மூச்சையே நிறுத்திவிடும். மருந்துக்கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் அவர் ஆபரேஷன் செய்யவில்லை.

உங்கள் மகனுக்கு: கடிதம் உங்கள் கையிலிருந்து என் கைக்கு வருவதற்குள் நாள் ஓடிவிட்டது. இரண்டு நாள் தண்ணீர் இறங்கவில்லை என்றால் கடிதம் எழுதக் கூடாது அம்மா, கிளம்ப வேண்டும்.

காது வலிக்கிறது என்று அழுகிறாள். காதுக்கு ஒன்றும் செய்யவில்லையே? (நாகர்கோவில்)

தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. வலி தொண்டையில், தெரிவது காதில். வலி மருந்தே போதும். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

ஏழாம் நாள் ராத்திரி எச்சிலில் ரத்தம் வந்தது. தானாக நின்றது. அடுத்த இதழில் பதில் தரவும். (சேலம்)

அடுத்த இதழா! ரத்தத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்களை என்ன செய்வது?

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்தப் பொருக்கு உதிரும். ரத்தக்கசிவு வரும் குழந்தைகள் நூற்றுக்கு மூன்று நான்கு, பெரும்பாலும் இந்த நாட்களில்தான். "நன்றாகிவிட்டானே" என்று எல்லோரும் அசந்திருக்கும் நேரம். ரத்தம் தெரிந்தால் உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து, ஒரு பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். விழுங்கக் கூடாது, மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. நின்றுவிட்டாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் செய்து பேசுங்கள். சிறு கசிவுக்குப் பின்னால் பெரியது வரலாம். சிவப்பாகத் தொடர்ந்து வந்தால் ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், வண்டி இல்லையென்றால் 108. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குவதும், காபித்தூள் நிற வாந்தியும்கூட உள்ளே ரத்தம் போகிறது என்பதற்கு அடையாளம்.

எட்டாம் நாள் குலதெய்வக் கோயிலில் மொட்டை. ஊர் நாலு மணி நேர பயணம். போகலாமா? (கோயம்புத்தூர்)

கூடாது. மேலே எழுதியதைப் படியுங்கள். குலதெய்வம் இரண்டு வாரம் காத்திருக்கும். பள்ளி, சைக்கிள், நீச்சலுக்கும் இதே கணக்கு.

அடினாய்டு எடுத்த பின் மகன் மூக்கால் பேசுகிறான். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. குறட்டையும் நிற்கவில்லை. (திருநெல்வேலி)

குறட்டை வீக்கத்தால், இரண்டு வாரம் பொறுங்கள். பேச்சு மாறுவதற்குக் காரணம், அடைத்துக்கொண்டிருந்த சதை போனதும் மேலண்ணம் புது இடைவெளியை மூடப் பழக வேண்டியிருப்பது. சில வாரங்களில் பழகிவிடும். இரண்டு மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் காட்டுங்கள். பலமாக மூக்குச் சிந்த விடாதீர்கள், ஆவி பிடிக்க வேண்டாம். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராக்கவே முடியாமல் இருந்தால் மட்டும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அபூர்வம்தான், ஆனால் அடினாய்டுக்குப் பின் வருவதுண்டு.

மூன்றாம் நாள் 100 டிகிரி காய்ச்சல். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவே இல்லை. நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா? (திருச்சி)

வேண்டாம். எழுதாதது மறதி இல்லை. வழக்கமாக எல்லோருக்கும் கொடுப்பதில் வலியோ ரத்தக்கசிவோ குறைவதில்லை. முதல் சில நாள் லேசான காய்ச்சல் சகஜம், தண்ணீர் குறைந்தாலும் வரும். 102 தொட்டால், அல்லது இறங்கவே இல்லை என்றால் போய்ப் பாருங்கள்.

விழுங்க முடியவில்லை என்பதால் பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கலாம் என்கிறார்கள். (விழுப்புரம்)

பச்சைப் புண்ணுக்குள் யாரோ விரல் விட்டு எடுப்பதா? வேண்டவே வேண்டாம். வலி மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா, அதைச் சொல்லுங்கள்.

டான்சில் இல்லாவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா? (பெயர், ஊர் இல்லை)

போகாது. நாக்கின் அடியிலும் கழுத்திலும் குடலிலும் அதே வேலை செய்யும் திசு நிறைய இருக்கிறது. சளி, காய்ச்சல் மற்ற குழந்தைகளுக்கு வருகிற மாதிரி இவனுக்கும் வரும், அதற்கு ஆபரேஷன் தோற்றது என்று அர்த்தமில்லை.