போர்டு தேர்வும் பெயர்ப்பலகையும்

கேள்வி: என் அண்ணன் மகள் மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்தவள். அமெரிக்காவில் பொது மருத்துவத்தில் மூன்றாண்டு ரெசிடென்சி பயிற்சியை முடிக்கப்போகிறாள். அடுத்து 'போர்டு' தேர்வு எழுத வேண்டுமாம். தேறினாலும் அந்தச் சான்றைத் தக்கவைக்கப் பிறகும் தேர்வு உண்டாம். டாக்டர் பட்டம்கூடக் காலாவதியாகுமா?
– ஆசிரியை ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: பட்டம் காலாவதியாகாது. உங்கள் அண்ணன் மகள் குறிப்பிடுவது வேறொன்று. அமெரிக்காவில் பட்டத்தைக் கல்லூரி தருகிறது. தொழில் செய்யும் உரிமத்தை அந்தந்த மாநிலம் தருகிறது. இன்ன துறையில் இவர் தேர்ந்தவர் என்ற சான்றை அத்துறைக்கான வாரியம், அதாவது 'போர்டு', தருகிறது. சட்டப்படி கட்டாயமானது உரிமம் மட்டுமே. ஆனாலும் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாரியச் சான்றைக் கேட்பதால், அது இல்லாமல் காலந்தள்ளுவது கடினம்.

யார் வேண்டுமானாலும் தம்மைக் கண் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடிந்த காலத்தில், 1916இல் கண் மருத்துவர்கள்தாம் முதன்முதலில் தமக்கென ஒரு தேர்வு வாரியத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். மற்றத் துறையினரும் அவ்வழியைப் பின்பற்ற, வாரியங்களுக்கான பொது அமைப்பு 1933இல் உருவாயிற்று. இன்று அதில் 24 வாரியங்கள் உள்ளன. இவை அரசுத் துறைகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

சான்று பெறுவதற்குப் படித்து எழுதினால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் பயிற்சியை முழுமையாக முடித்திருக்க வேண்டும். பொது மருத்துவத்துக்கு மூன்றாண்டு, பொது அறுவைச் சிகிச்சைக்கு ஐந்தாண்டு, நரம்பியல் அறுவைக்கு ஏழாண்டு. இவர் தனியே நோயாளியைக் கவனிக்கத் தகுதியானவர் என்று பயிற்சித் தலைவரும் உறுதி கூற வேண்டும். அதன் பிறகே தேர்வு. உங்கள் அண்ணன் மகளுக்கு அது ஒருநாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து எழுதும் தேர்வாக இருக்கும். பொது அறுவைத் துறையினருக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. நோயாளியின் நிலையைச் சொல்லி, 'இனி என்ன செய்வீர்கள்' என்று துருவும் வாய்மொழித் தேர்வும் உண்டு.

இனி, காலாவதி. குடும்ப மருத்துவ வாரியம் 1969இல் தொடங்கியபோதே சான்றுக்குக் கால வரம்பு வைத்தது. பொது மருத்துவ வாரியமோ 1990க்கு முன்பு சான்று பெற்றவர்களுக்கு அதை ஆயுளுக்கும் விட்டுவைத்து, அதன் பிறகு வந்தவர்களுக்கு மட்டும் பத்தாண்டு வரம்பு விதித்தது. மூத்தவர்களுக்கு விலக்கு, இளையவர்களுக்குத் தேர்வு என்ற இந்த ஏற்பாடு மனக்கசப்பை உண்டாக்கியதில் வியப்பில்லை. கட்டணம், நேரம், அன்றாடப் பணிக்குத் தொடர்பில்லாத கேள்விகள் என மருத்துவர்கள் திரண்டு எதிர்த்ததால், 2015இல் அந்த வாரியமே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சில நிபந்தனைகளை நிறுத்திவைத்தது. 2022 முதல் பத்தாண்டுத் தேர்வுக்கு மாற்றாக, மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள் வீதம் ஐந்தாண்டுகள் வீட்டிலிருந்தே விடையளிக்கும் வழியும் உள்ளது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தும் விடை சொல்லலாம். ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம். என் கருத்தில், ஒருநாள் மனப்பாடத்தைவிட இதுவே மருத்துவரின் உண்மையான வேலைக்கு நெருக்கமானது.

உங்கள் ஊரில் விசைப்படகுகளை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் ஆய்வு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பதிவு எண் இருக்கிறது என்பதற்காகப் படகைப் பாராமல் விடுவதில்லை. நம் நாட்டு மருத்துவர்களுக்கு அப்படியொரு மறுதேர்வு கிடையாது. எம்.டி., எம்.எஸ். ஆகிய மேற்பட்டங்களும், அவற்றுக்கு நிகராகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி.யும் ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் உரியவை. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் வகுத்த 2002ஆம் ஆண்டின் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு மதிய உணவோடு கிளம்பிவிடுகிறவர்களை நானே பார்த்திருப்பதால், அந்த மணிக்கணக்கின் மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கின் பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் ஐந்தாறு எழுத்துச் சுருக்கங்கள் உள்ளன. அவர் இதய நிபுணர்தானா என்று எப்படி அறிவது?
– வாசகர், கீழக்கரை

பதில்: எழுத்துகளின் எண்ணிக்கையைப் பாராதீர்கள். இதயத் துறையில் தேர்ந்தவர் என்றால், எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் மூன்றாண்டு எம்.டி., அதன் பின் மூன்றாண்டு டி.எம். இதயவியல், அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் அதற்கு நிகரான பட்டம் இருக்க வேண்டும். சங்க உறுப்பினர் என்பதையும், சில மாத இணையவழிப் படிப்பையும் குறிக்கும் எழுத்துகள் அவருடைய ஆர்வத்தைக் காட்டலாம். அவற்றால் அவர் இதய நிபுணராகிவிட மாட்டார். உரிய தகுதியில்லாமல் தம்மை நிபுணர் என்று கூறிக்கொள்வது அதே 2002 விதிகளின்படி ஒழுங்கு மீறலாகும்.

மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பதும் விதியே. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் அவருடைய எம்.டி.யும் டி.எம்.மும் கூடுதல் தகுதிகளாகப் பதிவாகியுள்ளனவா என்று விசாரியுங்கள். சீட்டில் எண்ணே இல்லையென்றால், முதலில் அதை அவரிடமே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.