காத்து எரியுமுங்களா? கேள்வி பதில்

கோபியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் நான். காத்தும் நெருப்பும் பத்திக் கேட்டிருந்தீங்க. சொல்றேன்.

காங்கேயம்: ஏனுங்கய்யா, ஆக்சிசன் எரியுற வாயுங்களா?

இல்லீங்க. எரியறதுன்னாலே பெரும்பாலும் ஆக்சிசனோட சேர்றதுதான். விறகு எரியுது, ஆக்சிசன் எரிய வைக்குது. காத்துல நூத்துக்கு 21 பங்கு அதுதான். அது தானா எரியுமுன்னா அடுப்புப் பத்த வெச்ச அன்னைக்கே வானம் பத்தியிருக்கும்.

கோவை, வெல்டிங் பட்டறை: அப்புறம் எதுக்கு ஆக்சிசன் சிலிண்டர் வால்வுல எண்ணெய் படக்கூடாதுங்கறாங்க?

நல்ல கேள்விங்க. சிலிண்டருக்குள்ள காத்தழுத்தத்தைப் போல 150 மடங்கு வரைக்கும் இருக்கும். வால்வைப் படக்குனு திறந்தா, அழுத்தத்தைக் குறைக்கற ரெகுலேட்டருக்குள்ள வாயு நெருங்கிச் சூடேறும். அங்க துளி கிரீஸ் இருந்தாலும் தானா பத்திக்கும். இரும்பே தூய ஆக்சிசன்ல எரியும். இரும்பை வெட்டுற கட்டிங் டார்ச் வேலை செய்யறதே அப்படித்தானுங்களே. சட்டையில தூசி தட்ட ஆக்சிசனை ஊதுறதைப் பல பட்டறையில பாத்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். துணியில ஊறின ஆக்சிசனுக்குப் பொறி ஒண்ணு போதும். 1967ல அப்பல்லோ 1 கலத்துக்குள்ள தூய ஆக்சிசன் நிரப்பிச் சோதனை பண்ணினப்பத்தான் மூணு விண்வெளி வீரர்களைத் தீ கொண்டு போச்சு.

பல்லடம்: காத்துல 78 பங்கு இருக்கற நைட்ரஜன் எரியுமுங்களா?

ரெண்டு அணுவும் மூணு பிணைப்புல இறுகிக் கெடக்குது. மின்னல் வெட்டுனா ஆக்சிசனோட கொஞ்சம் சேரும். ஆனா அதுல வெப்பம் வெளிய வராது, உள்ள இழுத்துக்கும். அதனால தீ பரவாது. அப்படி உண்டானது மழையில கரைஞ்சு காட்டுக்கு உரமாகுது.

பெருந்துறை: காத்துல கொஞ்சம் இருக்கற ஆர்கான் வாயு?

எரியாதுங்க, எரிய வைக்கவும் செய்யாது.

பொள்ளாச்சி: சாண எரிவாயு மீத்தேனும் காத்துல இருக்குதாமே?

இருக்குது, பத்து லட்சத்துக்கு ரெண்டு பங்கு. பத்தணுமுன்னா நூத்துக்கு அஞ்சாவது வேணும்.

அவிநாசி: பாழுங்கிணத்துல தூர் வார இறங்குமுன்ன விளக்கு விட்டுப் பாக்கறமே, போதுமுங்களா?

போதாதுங்க. கரியமில வாயு ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்சது, காத்தைவிடக் கனம், அடியில தேங்கும். ஆக்சிசன் சுமார் 16 பங்குக்கு எறங்குனா விளக்கு அணையும். அணைஞ்சா எறங்காதீங்க. அணையலைன்னாலும் நம்பாதீங்க, ஹைட்ரஜன் சல்பைடுங்கற விஷ வாயுவை விளக்கு காட்டாது. சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில விளக்கே விடக்கூடாது, மீத்தேன் சேந்திருந்தா வெடிக்கும். வாயு அளக்குற மீட்டர் வெச்சுப் பாருங்க. உள்ள ஒருத்தர் மயங்கிட்டா, தூக்கப் போறேன்னு அடுத்தவர் குதிக்க வேண்டாம். தீயணைப்புக்காரங்களை 101ல கூப்பிடுங்க.