பிப்ரவரி 19 யாருடைய நாள்?

கேள்வி: என் மகள் பிப்ரவரி 19இல் பிறந்தவள். அதே தேதியில் பிறந்த பெரியவர்கள் யார் யார் என்று கேட்டுத் துளைக்கிறாள். சொல்வீர்களா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உ.வே.சாமிநாதையர் பிறந்த நாளில் பிறந்திருக்கிறாள், கொடுத்து வைத்தவள்! 1855இல் பிறந்தார் அவர்; பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய ஊர். போலந்தின் தொருன் நகரில் 1473இல் வானியல் அறிஞர் கோப்பர்நிக்கஸ் பிறந்ததும் இதே தேதி. மகாராஷ்டிரத்தில் சத்ரபதி சிவாஜிக்கு விழா எடுப்பதும் அன்றுதான். விடுதலை இயக்கத் தலைவர் கோகலே மறைந்த நாளும் (1915) அதுவே.

பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள் அம்மா, இதையும் சொல்லுங்கள். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த ஐயர், ஊருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்றார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கினார் ஐயர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா? முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? எதுவும் இல்லை. பிறகு முதலியாரே சமணக் காப்பியமான சிந்தாமணியின் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

படித்தால் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. விளக்கம் கேட்க ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார் ஐயர். வாசலில் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்றால், சிந்தாமணியைப் படித்து முடித்த நாளாம்! தமிழாசிரியர்கள் மறந்த காப்பியத்தை ஒரு வீடு கொண்டாடிக்கொண்டிருந்தது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். 1887இல் ஐயரின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னாலேயே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை.

ஐயருக்கு முதலியார் வாய்த்ததுபோல் கோப்பர்நிக்கஸுக்கும் ஒருவர் வாய்த்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியும் நூலை வெளியிடாமலே வைத்திருந்தார் அவர். 1539இல் ரெட்டிகஸ் என்ற 25 வயதுக் கணித ஆசிரியர் தேடிப்போய்த் தங்கி, வற்புறுத்தினார். 1543இல் நூரெம்பர்கில் நூல் அச்சானது. ஆசிரியர் இறந்ததும் அந்த ஆண்டே. என்னைக் கேட்டால், பிப்ரவரி 19இல் முதலியாருக்கும் ரெட்டிகஸுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும்.

கேள்வி: பழைய காலத்துப் பிறந்த தேதிகள் இன்றைய காலண்டருக்குப் பொருந்துமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: எல்லாம் பொருந்தாது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி காலண்டரைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15 ஆனது. இன்றைய கணக்கில் கோப்பர்நிக்கஸ் பிறந்தது பிப்ரவரி 28. ஐயருக்கு இந்தச் சிக்கல் இல்லை: ஆனந்த வருஷம், மாசி மாதம், திங்கட்கிழமை. காலண்டரைப் பின்னோக்கிக் கணக்கிட்டாலும் 19-2-1855 திங்கட்கிழமையில்தான் வந்து நிற்கிறது.