மலேசியாவின் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா உண்மையில் இயற்கையா? நடுவில் ஏன் மண்கரை?

கோலாலம்பூரில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். அந்தக் கரையில்தான் பூங்காவின் கதையே இருக்கிறது.

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் அது. முன்பு கடல் ஏறி இறங்கிய கண்டல் காடு, அதாவது உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடு. கரை கட்டிக் கடல்நீரைத் தடுத்ததும் உள்ளே உப்பு குறைந்தது. கண்டல் ஒதுங்கியது, அத்தி மரங்கள் வந்தன. இந்த வட்டாரத்துத் தென்னை, ரப்பர் தோட்டங்களும் இப்படிக் கரை போட்டு, வாய்க்கால் வெட்டி உருவானவைதான். நம் தாத்தா பாட்டிகளின் வியர்வை விழுந்த மண், அதை மறக்க முடியாது.

1987-இல் சிலாங்கூர் மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் சேர்ந்து இதைப் பூங்காவாக்கின. அப்புறம் பறவைகளுக்காக ஓர் உவர்நீர் ஏரியும் தோண்டினார்கள். ஆக, பாதி இயற்கை, பாதி மனிதர் கை.

போனால் கரைமேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் காய்ந்த சருகு. மறுபக்கம் கடல் வற்றிய சேறு. அதில் பென்சில் நட்டதுபோல் மூச்சு வேர்கள், இடையில் தாவும் சேற்று மீன்கள். பக்கத்து புக்கிட் மெலாவத்தி குன்றில் வெள்ளி மந்திகளையும் பார்க்கலாம். தாய் சாம்பல் நிறம், மடியில் இருக்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, மறு ஆண்டே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் மீட்ட கோட்டை அந்தக் குன்றில்தான் இருந்தது.